குவைத்துக்கு இருபத்தெட்டு

"குவைத்துக்கு இருபத்தெட்டு பாகை வெப்பம்னு யாரு எழுதினது?"

சுதர்ஷினி டீச்சர் கேட்டதும் ஒன்பதாம் வகுப்பு அடங்கிப்போனது.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். உலகக் காலநிலைப் பிரதேசங்களைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் மனதில் நிற்காது என்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நகரத்தைக் கொடுத்திருந்தார் டீச்சர். காலையில் அவருடைய போனைப் பார்த்து, தங்கள் நகரத்தின் முந்தின நாள் உச்ச வெப்பநிலையை வராந்தாச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் எழுத வேண்டும். மூன்று வாரமாக எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

"நான்தான் டீச்சர்."

எழுந்து நின்றவள் தனுஜா. புவியியலில் வகுப்புக்கே முதல். குவைத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவளும் அவள்தான்.

"குவைத் எந்தக் காலநிலை?"

"வெப்பப் பாலைவனம், டீச்சர்."

"அங்க ஏன் அவ்வளவு சூடு?"

"காத்து மேலருந்து கீழ எறங்குற பகுதி. அதனால மேகம் சேராது, மழையும் இல்ல. வெயில் நேரா தரைய சுடும். நம்ம ஊரு மாதிரி உயரமும் கெடையாது."

"எல்லாம் தெரியுது. நேத்து அங்க நாப்பத்தாறு. நீ மூணு வாரமா இருபத்தேழு, இருபத்தெட்டுன்னே எழுதி வெச்சிருக்க. போனப் பாக்க சோம்பலா?"

தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாம எழுதினா பிழை. தெரிஞ்சே எழுதினா அதுக்குப் பேரு பொய். போய் சரியானத எழுது."

நாற்பது பிள்ளைகளும் பார்த்திருக்க, தனுஜா வெளியே போனாள். இருபத்தெட்டை வெட்டி நாற்பத்தாறு என்று எழுதினாள். ஆனால் உள்ளே திரும்பி வரவில்லை. டீச்சர் வெளியே வந்தார்.

"என்ன புள்ள?"

"இன்டர்வெல்லுக்கு முந்தி இத மறைச்சிரவா டீச்சர்?"

"ஏன்?"

"தங்கச்சி பாக்க வருவா. தெனமும் வருவா." தனுஜா தலையைத் தூக்கவில்லை. "அம்மா குவைத்துல வீட்டு வேலைக்குப் போயி ஒரு வருஷமாச்சு. அந்த ஊரு வெயில்ல ஆளுங்க மயங்கி விழுறத டிவியில காட்டினாங்க. அன்னையிலருந்து அவ சரியா சாப்புடல. அம்மா இருக்க எடம் அவ்வளவு சூடு இல்லன்னு சொன்னேன், நம்பல. பள்ளிக்கூடத்துல எழுதியிருந்தா நம்புவான்னுதான்..."

டீச்சருக்கு என்னவோ போலாகிவிட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

"நீ போய் உக்காரு. நான் பாத்துக்குறேன்."

ஆசிரியர் ஓய்வறைக்குப் போய் வெள்ளைத்தாளும் பசையும் தேடி எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஓட்டமும் நடையுமாக டீச்சர் திரும்பி வந்தபோது, தனுஜாவின் தங்கை, ஐந்தாம் வகுப்புப் பிரியந்தி, அட்டவணைக்கு முன்னால் நின்றிருந்தாள். நாற்பத்தாறின் மேல் அவள் விரல் இருந்தது.

"அது பிழைம்மா," என்றார் டீச்சர். பொய்யைப் பற்றிச் சற்றுமுன் பேசிய அதே வாய்தான். "போன் தப்பா காட்டிருச்சு. இப்ப மாத்திருவேன்."

பிரியந்தி வகுப்பறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அக்கா இன்னும் வெளியே வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நாப்பத்தாறுதான் சரி டீச்சர். அங்க அவ்வளவு சூடுன்னு அப்பா போன்ல நான் எப்பவோ பாத்துட்டேன். ஆனா நீங்க இருபத்தெட்டுன்னே ஒட்டிருங்க. நான் நம்பிட்டேன்னு நெனைச்ச பொறகுதான் அக்கா அழாம தூங்குது."