ஷீஹானா விழுந்த காலை

நான்காவது அடியில் தஹாமின் உதடு கிழிந்தது.

"பேட்டரி பாத்தியா? விசிறி பாத்தியா? மண்ண ஊதித் தொலச்சியா?" கேள்விக்கு ஓர் அடி என்று விளாசிக்கொண்டிருந்தான் அண்ணன் முத்லக். கையில் ஒட்டகம் ஓட்டும் கம்பு.

"பாத்தேண்ணே. எல்லாம் பாத்தேண்ணே."

பார்த்திருந்தான்தான். கம்பு கையில் இருப்பவனிடம் அதை யார் போய்ச் சொல்வது?

கூடாரத்து வாசலில் துணி விரித்து ஷீஹானாவைக் கிடத்தியிருந்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் சால்மிப் பாலைவனத்தில் அவள் உயரத்துக்கு ஏறிய வல்லூறு இன்னொன்று இல்லை. இப்போது கழுத்து பாதி அறுந்து, ஒரு பக்க இறக்கை மணலில் புரண்டு கிடந்தது.

பொழுது விடிந்ததும் டிரோன் எப்போதும் போல இரைப்புறாவை நூலில் தொங்கவிட்டு மேலே போனது. ஷீஹானா சுற்றிச் சுற்றி ஏறினாள். புறாவைப் பிடித்தாள். அடுத்த நொடி டிரோன் தலைகீழாகச் சாய்ந்து, நாலு விசிறியும் சுழலச் சுழல அவள் மேலேயே வந்து விழுந்தது. ஏன் என்று கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

முத்லக் கம்பைத் தாழ்த்தினான்.

"காபி கொதிக்கறதுக்குள்ள என்ன கோளாறுன்னு சொல்லணும். இல்லேன்னா ஸ்க்ரூ முடுக்கற அந்தக் கைய ஒடிச்சு இதே நெருப்புல போடுவேன்."

நுனியில்லாத ஆட்காட்டி விரலை நீட்டித்தான் சொன்னான். எப்போதோ ஒரு பறவை கொத்திக்கொண்டு போன நுனி. அந்த விரலை வைத்துக்கொண்டே பறவையின் கால்கயிற்றை ஒரு கையால் முடிவான், ஒரு கையால் அவிழ்ப்பான்.

"சொன்னா செய்வான்டா அவன். சீக்கிரம் பாரு," என்றார் பெரியப்பா அபு ஃபலாஹ். சொல்லிக்கொண்டே காபிக் கூஜாவைத் தணலின் ஓரத்துக்குக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

தஹாம் டிரோனை மடியில் வைத்துக்கொண்டான். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மற்றதால் பார்த்தான்.

விசிறிகளைக் கழற்றினான். பிசுபிசுவென்று ரத்தமும் இறகும். மோட்டார்களை விரலால் சுற்றினான். ஒன்று கரகரத்தது. ஊதியதும் மணல் உதிர்ந்து வழுக்கிக்கொண்டு சுற்றியது. விழுந்தபோது புகுந்த மணல். பேட்டரி உப்பவில்லை. இணைத்து ஓட்டிப் பார்த்தான். நாலும் ஒரே சீராகப் பாடின.

இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அது தெரிந்தபோதுதான் அவனுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

டிரோனைப் புரட்டினான்.

வயிற்றில் நூலைப் பிடித்திருக்கும் கவ்வி. பறவை இழுத்தால் அது திறந்து நூலை விட்டுவிட வேண்டும். நேற்றுக் காற்றில் அது இரண்டு தடவை தானாகவே திறந்து, புறா பாதி வழியில் விழுந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். முத்லக் ராத்திரி சாப்பிடவே இல்லை.

கவ்வியின் வாயைச் சுற்றி மெல்லிய கயிறு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

தஹாம் அதைக் கட்டவில்லை.

நகத்தால் நெம்பினான். அசையவில்லை. வெகுநேரம் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு, டிரோனைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் முன்னால் வைத்தான்.

"மோட்டார்ல ஒண்ணுமில்ல. கவ்வியத் தொறக்க விடாம கட்டியிருக்கு."

பெரியப்பா இரண்டு கையாலும் முயன்றார். "எந்தக் கழுதடா கட்டினது இத? மாத்திச் சுத்தி வச்சிருக்கான்!" டிரோன் நெருப்பைச் சுற்றிக் கை மாறியது. ஆளுக்கு ஆள் இழுத்தார்கள். ஒருவன் பல்லால் கடித்துப் பார்த்தான். இன்னொருவன், "பக்கத்துக் கூடாரத்து நாய்ங்க வேலைதான்," என்று தடியைத் தேடி எழுந்தான்.

"குடு இங்க," என்றான் முத்லக்.

அவன் இடது கை தோலுறையோடு இன்னும் நெஞ்சுக்கு நேராக உயர்ந்தே இருந்தது, பறவை உட்கார்ந்திருப்பது போல. வலது கை மட்டும் கவ்விக்குப் போனது. நுனியில்லாத விரல் கண்ணிக்கு அடியில் நுழைந்து ஒரு இழுப்பு இழுத்தது. முடிச்சு அவிழ்ந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. தம்பியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தான்.

தடியோடு எழுந்தவன் மெல்ல உட்கார்ந்தான். பெரியப்பா முகத்தைக் கூஜாவின் பக்கம் திருப்பிக்கொண்டார். காபி பொங்கித் தணலில் வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

முத்லக் கம்பை எடுத்தான்.

தஹாமின் வலது கையில்தான் முதல் அடி விழுந்தது. இந்த முறை முத்லக் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.