காத்திருப்பு: 96 சதவீதம்

"தொண்ணூத்தாறு பெர்சன்ட்! உங்க கை பட்ட நாள்லேருந்து மெஷின் தூங்குது."

மேனேஜர் திரையை விரலால் தட்டினார். டிஸ்க்குக்கும் பிராசஸருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் கெர்னல் என்ற புரோகிராமை எழுதுகிற பிரிவு அது. முதலாளியின் பெண்ணைக் கட்டிய மறு மாதமே அதற்கு மேனேஜர் ஆகிவிட்டவருக்கு, சத்தம் போட மட்டும் நன்றாக வரும்.

"தூங்கல சார்," என்றாள் இன்ஜினீயர். "டிஸ்க்கு கிட்ட வேலையைக் கொடுத்துட்டு பிராசஸர் கை காலியா இருக்கு. அந்த நேரத்தை முன்னாடி 'சும்மா'ன்னு எழுதினோம். இப்ப 'டிஸ்க்குக்காகக் காத்திருப்பு'ன்னு சரியா எழுதறோம். வேற வேலை கொடுத்தா அதைப் பார்க்கும். அப்ப காத்திருப்புன்னு காட்டாது."

"எனக்கே பாடமா? நாளைக்கு மாமா வரார். இந்த நம்பர் பூஜ்யமாகணும். இல்லன்னா பையைத் தூக்கிட்டுக் கிளம்புங்க. உங்களை மாதிரி ஆளு தெருவுக்கு நாலு பேர் கிடைப்பாங்க."

அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை திரையில் பூஜ்யம். ஓரத்தில் எட்டே வரியில் ஒரு புதுப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா? உங்களுக்கெல்லாம் நாலு வார்த்தை கேட்டாத்தான் மூளை ஓடும்."

அந்த எட்டு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. எழுதியவர் என்ற இடத்தில் இருந்த அவள் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தார்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். ஒரு காலத்தில் டிஸ்க்கை இயக்கும் புரோகிராம்களைத் தன் கையால் எழுதியே கம்பெனியை வளர்த்தவர்.

"மாமா, இப்ப பிராசஸர் ஒரு செகண்ட்கூடச் சும்மா இல்ல. நானே உட்கார்ந்து எழுதினேன். இவங்களுக்கு இதெல்லாம் எட்டாது, அனுப்பிடலாம். என்னுதை எல்லா மெஷின்லயும் போட்டுடலாம்."

"டிஸ்க் வேகமாச்சா, மாப்பிள்ளை?"

"அதெல்லாம் தானா ஆயிடும் மாமா."

முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. மாப்பிள்ளையோட புரோகிராம் அப்படி என்னதான் பண்ணுது?"

"ஒண்ணுலேருந்து ஒரு கோடி வரைக்கும் எண்ணுது சார். முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுலேருந்து."