ஹோல்கரின் தட்டு

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

1944, மார்ச் மாதக் காலை. இங்கிலாந்து விமானத் தளம் ஒன்றின் சாப்பாட்டுக் கொட்டகையில், ஈர வெளிச்சம் சன்னல் வழியே மேசைமேல் சாய்கிறது. தன் நாட்டுக்கென்று படை இல்லாததால் நார்வேக்காரர்களின் சட்டையைப் போட்டிருக்கும் டேனிஷ்காரன் ஐகில், பக்கத்துக் காலி நாற்காலியின் முன்னிருக்கும் தட்டில் ரொட்டித் துண்டை வைத்து, அதில் தன் நாட்டின் சிவப்பு வெள்ளைக் கொடியைக் காகிதத்தில் செய்து குத்துகிறான். அது, நேற்றிரவு பறந்துபோன அவன் ஊர்க்காரன் ஹோல்கரின் தட்டு. ஹோல்கரின் விமானத்தில் காலை எட்டு மணி வரைக்கும்தான் பெட்ரோல். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை. பரிமாறுகிற மேவிஸ், திரும்பாதவனின் தட்டை எடுத்துவிடுவாள், இங்கே அதுதான் வழக்கம். அவள் கை நீள்கிறது. “தொடாதீங்கக்கா. இன்னிக்கு அவனுக்குப் பிறந்தநாள். எங்க ஊர்ல கொடி வெச்ச தட்டை, பிறந்தநாள்காரன் வந்து உட்காராம யாரும் எடுக்கக் கூடாது,” என்கிறான் ஐகில். எதிரே நார்வேக்காரன் ஸ்வெர்ரே இளிக்கிறான். “ஜெர்மன்காரன் உள்ள வந்ததும் காபி ஆறுறதுக்குள்ள சரணடைஞ்ச நாடு உங்களுது. உங்காளு இவ்வளவு நேரமா பறப்பான்?” “அவன் தாழப் பறந்தா எங்க ஊரு மாடுங்க குனிஞ்சுக்கும்டா. பெட்ரோல் தீர்ந்தாலும் வீம்புக்குன்னே பறப்பான்.” யாரும் சிரிக்கவில்லை. ஐகிலின் தேநீரில் ஆடை படிகிறது. அவன் விரல்கள் கொடிக் குச்சியை விடவில்லை. மேவிஸ் உள்ளே போய், பறந்து திரும்பியவர்களுக்கு மட்டும் தருகிற முட்டையில் ஒன்றைப் பொரித்துக் கொண்டுவந்து, கொடியின் அடியில் வைக்கிறாள். “ஆறிடப்போவுது தம்பி, சீக்கிரம் வரச் சொல்லு.”

ஹோல்கர் பிறந்தது நவம்பரில்.