என்னையே பாரு

துரைராசு வீட்டு வாசல்ல புதுசா மாட்டியிருந்த திருஷ்டி படத்தப் பாத்து தெருவே சிரிச்சிது. வைரக்கண்ணு மட்டும் சிரிக்கல.

ஏன்னா படத்துல இருந்தது அவரு மூஞ்சி.

அதே முட்டக்கண்ணு. அதே சப்ப மூக்கு. எடது புருவத்துல மாடு முட்டுன தழும்பக் கூட விடல படுபாவி. அடியில கொட்ட எழுத்துல 'என்னையே பாரு'ன்னு வேற.

"திருஷ்டி படம்னா நாக்கு தொங்கும், கோரப்பல்லு இருக்கும். இதுல ஒண்ணையும் காணுமே?" டீக்கடையில ஒருத்தர் கேட்டாரு.

"நம்ம வைரக்கண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு? சும்மா நின்னாலே போதுமே," துரைராசு சொன்னாரு. டீ குடிச்சவங்களுக்கெல்லாம் பொரையேறுச்சு.

ஒண்ணு இல்ல, தெருவுல நாலு வீட்டுல அதே படம். எல்லாம் குத்தாலம் கடைத்தெருவுல பரிதின்னு ஒரு ஆர்ட்டிஸ்ட்டு போட்டது.

வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி ஞானாம்பா புடிச்சிக்கிட்டா.

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க. அந்த நாலு வீட்டத் தாண்டித்தான் வரணும். மாமனாரு படத்த எதுக்கு இங்க மாட்டியிருக்குன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

"ஏன்டி, நீ பாத்துத்தானே கட்டிக்கிட்ட?"

"நான் எங்க பாத்தேன்? எங்கம்மா தலைய நிமிரக் கூடாதுன்னாங்க. நிமிரல."

பொண்ணு குந்தவைக்கும் அப்பன் கண்ணுதான். அவகிட்ட இருந்தா அது அழகு, இவருகிட்ட இருந்தா திருஷ்டி. ஆனா ஏற்கனவே ரெண்டு எடம் வந்து, பொண்ணப் பாத்து, அப்பனையும் பாத்து, வயசானா பொண்ணும் இப்பிடித்தான் ஆவுமோன்னு யோசிச்சிக்கிட்டே போயிட்டாங்க. இது மூணாவது எடம்.

படத்தக் கழட்டாம சோறு எறங்காதுன்னு வைரக்கண்ணு பஸ் ஏறிட்டாரு.

சன்னலோரம் நடவு வயலப் பாத்ததும் பழசெல்லாம் வந்துடுச்சு. அப்ப இளவட்டம். நடவு முடிச்சு சேத்துக் காலோட வரும்போதே ஒவ்வொரு வீட்டுலேருந்தும் பொம்பளைங்க கூப்புடுவாங்க. "அண்ணே, ஒரு நிமிசம் நின்னுட்டுப் போங்க. இது சோறு திங்க மாட்டேங்குது."

இவரும் நிப்பாரு. கண்ண ஒரு உருட்டு உருட்டுவாரு. உள்ள போவாத உருண்டையெல்லாம் கடகடன்னு போயிடும். தெருவுல பாதிப் புள்ளைங்க சதை போட்டதே இவரு மூஞ்சியாலதான்.

ஆனா ஒரு புள்ளயும் கிட்ட வராது. கையில முட்டாயி வச்சிக்கிட்டு கூப்புட்டாலும் ஓடும். வாசல்ல நின்னு அந்த முட்டாயிய இவரே தின்னுட்டு போயிடுவாரு.

கடைக்குள்ள நுழைஞ்சதும் பரிதி பிரஷ்ஷக் கீழ போட்டுட்டு எந்திரிச்சான்.

"வாங்க மாமா, ஒக்காருங்க."

"யாருக்குடா மாமா? எத்தன நாளாடா என் மூஞ்சிய வச்சுப் பொழைக்கிற? கேக்க ஆளில்லன்னு நெனச்சியா? எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணும். எல்லாத்தையும் கழட்டு."

"இன்னிக்கே கழட்டிடறேன் மாமா. நான் செந்தாமர மவன். தெரியலையா?"

வைரக்கண்ணு உத்துப் பாத்தாரு. செந்தாமரன்னதும் ஆறு ஒடச்சிக்கிட்ட வருசம் ஞாபகம் வந்துடுச்சு. ஊரே பள்ளிக்கூடத்துல ஒதுங்கியிருந்தப்ப, புள்ளயக் காணும்னு கத்துனது அந்தப் பொண்ணுதான். நெஞ்சு மட்டும் தண்ணியில இவருதான் அவ வீட்டுக்குள்ள போனாரு. நெல்லுக் குதிரு மேல அஞ்சு வயசுப் பய ஒருத்தன் ஒக்காந்திருந்தான். தண்ணி வடிஞ்சதும் அவங்க ஊரவிட்டே போயிட்டாங்க.

"அடப்பாவி, நீயா அது? என்னப் பாத்துட்டு அந்தக் கத்து கத்துனியேடா."

"ஆமா மாமா. சோறு திங்கலன்னு புடிச்சிட்டுப் போவத்தான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

வைரக்கண்ணுக்கு சிரிப்பு வந்துடுச்சு. கோவத்துக்கு வந்த ஆளாச்சேன்னு அடக்கிக்கிட்டாரு.

"அந்தக் கடனத்தான் இப்ப அடைக்கிறியாக்கும்? தூக்கிட்டு வந்தவன் மூஞ்சிய ஊரு சிரிக்க மாட்டி?"

பரிதி காஞ்சும் காயாம இருந்த படத்த எடுத்து அவரு முன்னால வச்சான். நாக்கு இல்ல, பல்லு இல்ல, கொம்பு இல்ல. கிட்டத்துல பாத்தப்பதான் தெரிஞ்சிது, மீசைக்கடியில லேசா சிரிப்பு இருந்துச்சு.

"தோள்ல தூக்கி வச்சிக்கிட்டு ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா மாமா?"

"என்னத்தடா சொன்னேன்?"

"'தண்ணியப் பாக்காத, என்னையே பாரு'ன்னீங்க. பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே வந்தேன். அந்தத் தழும்பு கூட பெயிண்ட்டுல வரைஞ்ச மாதிரி மனசுல நின்னுடுச்சு. இப்ப வீட்டுக்குக் காவலா ஒரு மூஞ்சி போட்டுக் குடுன்னு வராங்க. எனக்கு வேற எந்த மூஞ்சி மாமா தெரியும்?"

வைரக்கண்ணு துண்டால மொகத்தத் தொடச்சாரு. வேர்வைதான்னு சொல்லிக்கிட்டாரு. பேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"கழட்ட வேணாம்," வாசப் பக்கம் திரும்புனாரு. "வெள்ளிக்கெழமைக்குள்ள எங்க வீட்டு வாசலுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. வர்றவன் நல்லாப் பாத்துட்டே வரட்டும்."

பரிதி பிரஷ்ஷ எடுத்துக்கிட்டுத் தலைய ஆட்டுனான்.

"அது மட்டும் முடியாது மாமா. அசல் இருக்கிற வீட்டுக்கு நகல் எதுக்கு?"