அட்டையில் ஓர் ஆக்கிரமிப்பு

“ஏனுங்க சார், நெசக் கட்டடம் மேல நிக்குது. நீங்க எதுக்கு இந்த அட்டைக் கட்டடத்தையே மொறைச்சுப் பாக்கறீங்க?”

மோனிகாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

மலைக் கிராமமான அரவேணுவுக்குக் கீழே, ஓடையை ஒட்டிய அவள் வீட்டு வாசலில் ஒரு மேஜை. அதன் மேல் அவள் செய்த மினியேச்சர். சாயம் ஏற்றிய மரத்தூளில் தேயிலைச் செடிகள். காய வைத்த டீத்தூள் சக்கையில் மண் சரிவு. நடுவே ஓடை. ஓரத்தில் தீப்பெட்டி அளவில் அவள் வீடு. ஓடைக்குள்ளேயே ஐஸ் குச்சித் தூண்களை ஊன்றி, மூன்று மாடியில் ஒரு சொகுசு விடுதி. ஜன்னல் கம்பி முதல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை அச்சு அசல்.

பொம்மை வீடு செய்வதென்றால் அவளுக்குப் பள்ளி நாளிலிருந்தே பைத்தியம். இதை மட்டும் ஆத்திரத்தில் செய்தாள். மேலே ஓடையை மறித்து நிஜமாகவே அந்த விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. போன மழைக்கு ஓடை திசை மாறி வீட்டுக்குள் வந்தது. ஆன்லைனில் புகார் மேல் புகார் கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் இந்த மினியேச்சரைச் செய்து, படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். ஊரே பகிர்ந்தது. இன்று ஜீப் வந்துவிட்டது.

ஜீப்பில் வந்தவர் ஹரிஹரசுதன், கட்டட அனுமதி பார்க்கும் அதிகாரி.

“மேல வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க சார். ரெண்டு வளைவுதான்.”

“முட்டி வலி அம்மிணி. மேடு ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அப்ப ஜீப்புலயே போலாங்க.”

“ரோடு சரியில்லையே.”

“அதுல சிமெண்டு லாரியே போகுதுங்க சார்!”

டீ கொண்டுவந்த லீலாவதி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “கண்ணு, சத்தம் போடாத. சாரு இப்பத்தான் வந்திருக்காரு.”

“இப்பத்தான் வந்திருக்காருன்னுதாம்மா சத்தம் போடறேன். போன மழைக்கே வந்திருக்கோணும்!”

ஹரிஹரசுதன் நிதானமாக டீயை உறிஞ்சினார். “நானும் உங்க பக்கந்தான் அம்மிணி. ஆனா அந்த விடுதிக்காரர் பெரிய இடம். கட்டடத்தை பொம்மையா செஞ்சு நெட்டுல போட்டு மானத்தை வாங்கிட்டாங்கன்னு குதிக்கறாரு. கேஸ் போட்டார்னா நீங்கதான் அலையணும்.”

“ஓடையில கட்டினவருக்குக் கேஸ் இல்ல, அட்டையில ஒட்டினவளுக்குக் கேஸா? நல்லா இருக்குங்க சார் உங்க நாயம்!”

“அதுக்குத்தான் ஒரு வழி சொல்றேன். இந்தப் பொம்மைக் கட்டடத்தை எடுத்துருங்க. அவரும் அடங்கிருவாரு. உங்க புகாரை அடுத்த வாரத்துக்குள்ள நான் முடிச்சு வைக்கறேன். என் பொறுப்பு.”

“நான் இதை எடுத்தா, நீங்க அதை எடுப்பீங்களா?”

“என் பொறுப்புன்னு சொல்றேனில்ல? புகார் நம்பரைச் சொல்லுங்க.”

“எடுத்துரு சாமி” என்றாள் லீலாவதி. “இன்னொரு மழைக்கு நம்ம செவுரு தாங்காது. பொம்மைதான, மறுக்கா செஞ்சுக்கலாம்.”

சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளத்தின் கறை இன்னும் போகவில்லை. மோனிகா அதைப் பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலாக பிளேடில் அறுத்துச் செய்த கட்டடத்தையும் பார்த்தாள்.

“சரிங்க. எடுக்கறேன்.”

“இருங்க இருங்க, அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ.” அவர் மேஜை முன் சட்டென்று மண்டியிட்டு, செல்போனை ஓடை மட்டத்துக்கு இறக்கினார். “பிரமாதம்! அந்த வீட்டு வாசல்ல நிக்கற பொம்மைய மட்டும் எடுத்துருங்களேன்.”

“அது எங்கம்மாங்க!”

“இருக்கட்டும், மறைக்குது.”

“மேடு ஏற வலிக்கற முட்டி மண்டி போட வலிக்கலீங்களா சார்?”

“கலைக்கு மரியாதை குடுக்கணுமில்ல?” என்று சிரித்தபடி நாலைந்து படம் எடுத்துக்கொண்டார்.

மோனிகா விடுதியைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள். தூண்கள் முறிந்தன. ஹரிஹரசுதன் குச்சிகளைத் தானே பொறுக்கிப் போட்டு, பள்ளத்தை விரலால் நிரவிவிட்டு, அதே இடத்தில் மண்டியிட்டு இன்னும் இரண்டு படம் எடுத்தார். ஜீப் கிளம்பியது.

அடுத்த வாரம் சொன்னபடி போன் வந்தது.

“வணக்கம் மேடம், புகார் மையத்துல இருந்து பேசறோம். மோனிகாங்களா? உங்க புகார் முடிஞ்சிருச்சுங்க. ஓடையில இருந்த கட்டடத்தை முழுசா அகற்றிட்டாங்க.”

“எவன் சொன்னது? என் கண்ணு முன்னால நிக்குதுங்க! மூணாவது மாடிக்கு டைல்ஸ் ஏத்திட்டிருக்காங்க!”

“இல்லீங்க மேடம், ஆபீசர் நேர்ல வந்து எடுத்த போட்டோவே இருக்கு. அகற்றறதுக்கு முன்னாடி எடுத்தது, பின்னாடி எடுத்தது, எல்லாமே ரொம்பத் தெளிவா இருக்கு. முன்னாடி எடுத்ததுல மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். மொட்டை மாடியில கறுப்பா ஒண்ணு நிக்குதே... கரடிங்களா மேடம்? வனத்துறைக்குச் சொல்லிரட்டுங்களா?”

மோனிகா பல்லைக் கடித்தாள்.

“அது எறும்புங்க.”