பனியில் மூன்று சொட்டு

ஜெர்மனியில் தேவதைக் கதைகளின் உட்பொருளை ஆராயும் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக் கூரையில் ஒரு காகம் குடியிருந்து, அவர் சொல்லும் விளக்கங்களை எல்லாம் கேட்டு வந்தது. ஒருநாள் அது காட்டுக்குப் போனபோது, பனியில் மூன்று சொட்டு ரத்தத்தைப் பார்த்தது.

"சிவப்பு என்றால் ஆசை, வெள்ளை என்றால் மரணம். மூன்று எதைக் குறிக்கிறது?" என்று அங்குமிங்கும் தத்தியது.

புதருக்குள் கண்ணியில் கால் சிக்கியிருந்த முயல், "அது என் ரத்தம். இந்தக் கயிற்றைக் கொத்தி அறுத்துவிடேன்" என்று கெஞ்சியது.

"கொஞ்சம் பொறு, யோசிக்கிறேன்."

முயல் தானே கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு நொண்டியபடி ஓடியது. சற்று நேரத்தில் ஒரு வேட்டை நாய் வந்து சொட்டுகளை முகர்ந்தது.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று காகம் ஆவலாகக் கேட்டது.

"அடிபட்ட முயல். இந்தப் பக்கம் போயிருக்கிறது" என்று நாய் பாய்ந்தது.

"ஐயோ, முயலே, ஓடு!" என்று கத்திக்கொண்டே காகம் பின்னால் பறந்தது. முயல் நாய்க்கு எட்டாமல் வளைக்குள் நுழைந்த பிறகும், "ஓடு, ஓடு!" என்ற காகத்தின் கத்தல் அடங்கவில்லை.