வலது கால்

நரம்புப் பரிசோதனைக்குப் போட்ட பில்லை இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பில் பிரிவுக்காரர் அதை எடுத்துக்கொண்டு பரிசோதனை செய்த பெண்ணிடம் வந்தார்.

"அக்கா, ரெண்டு கால்லயும் டெஸ்ட் எடுத்ததா எழுதியிருக்கீங்க. இந்த பேஷண்டுக்கு வலது காலே கிடையாதாம். சர்க்கரை முத்திப்போய் போன வருஷமே எடுத்துட்டாங்களாம். இல்லாத காலுக்குப் பில் போட்டா நம்மள சும்மா விடுவாங்களா?"

"நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா எழுதுறேன்? ரெண்டு கால்லயும் நான்தான் ஒயரை ஒட்டினேன்."

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இடது கால் மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. மின்சாரம் கொடுத்தும் அசையவில்லை. வலது கால் தொட்டதுமே துள்ளியது. அதன் விரலிடுக்கில் ஈரமண் அப்பியிருந்தது. பஞ்சால் துடைத்த பிறகுதான் ஒயரை ஒட்ட முடிந்தது.

மதியம் ரிப்போர்ட் வாங்க நோயாளியின் மனைவி வந்தார். கால் எடுத்தது உண்மைதான் என்றார். பரிசோதனைப் பெண் தயங்கித் தயங்கி, தான் பார்த்ததையெல்லாம் சொன்னாள். அந்த அம்மாள் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை.

"அந்தக் கால்ல உணர்ச்சி இருந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லாவே இருந்துச்சும்மா. ஊசி பட்டதும் வெடுக்குனு இழுத்துக்கிச்சு."

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே," என்றார். "அதனாலதானே புதைச்சோம்."